பவுச் செல் ஏன் உப்புகிறது? கேத்தோடு பவுடரின் மேற்பரப்பிலிருந்து வாயு வரை: முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு உப்பிய டின்னைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே கிருமி வளர்ந்தாலும் டின் உப்பும். கிருமியே இல்லாமல், உள்பூச்சு கீறிய இடத்தில் கூழின் புளிப்பு தகரத்தைத் தின்று ஹைட்ரஜன் விட்டாலும் உப்பும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். லித்தியம் அயனி பவுச் செல்லும், அதாவது அலுமினியப் படலப் பையில் அடைத்த பேட்டரி செல்லும், அப்படியே. உப்பிய செல்லைக் கையில் எடுத்ததும் "எலக்ட்ரோலைட் சரியில்லை" என்று, அதாவது உள்ளே அயனி கடத்தும் திரவத்தின் மேல், பழி போட்டுவிடுவது எளிது. ஆனால் நிக்கல் மிகுந்த கேத்தோடில் (நேர்மின்முனையில்), முதல் சார்ஜில் வரும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு, செல் கட்டுவதற்கு முன்பே பவுடரின் தோலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஓசூரில் மின்ஸ்கூட்டர் ஆலைகள், போச்சம்பள்ளிப் பக்கம் செல் தயாரிப்பு என்று இந்த வட்டாரத்தில் பேட்டரி வேலை பெருகிவிட்டது. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி ஆய்வகங்களில் செல் கட்டிப் பார்க்கிறவர்களுக்கும் இது பயன்படும். எடுத்துக்காட்டாக என்.எம்.சி. 811 என்ற கேத்தோடு பவுடரை வைத்துக்கொள்வோம். நிக்கல் எட்டுப் பங்கு, மாங்கனீசு ஒன்று, கோபால்ட் ஒன்று.

எந்த வாயு எந்தப் பக்கத்திலிருந்து

இதைப் பிரித்தறியாமல் எந்தச் சோதனையில் இறங்கினாலும் வீண்.

கிராஃபைட் பக்கம், அதாவது ஆனோடில் (எதிர்மின்முனையில்), முதல் சார்ஜில் எலக்ட்ரோலைட்டின் கரைப்பானான எத்திலீன் கார்பனேட் உடைந்து எத்திலீன் விடும். கிராஃபைட்டின் மேல் படலம் உருவாவதன் உடன்விளைவு அது. படலம் ஒழுங்காக அமைந்ததும் நின்றுவிடும். செல்லுக்குள் ஈரம் இருந்தால் அதே பக்கத்தில் ஹைட்ரஜனும் வரும். கேத்தோடு பக்கம் வருபவை கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன்.

சிக்கல் இந்தக் கோட்டைத் தாண்டும் வாயுக்களில்தான். கார்பன் மோனாக்சைடு இரு பக்கமும் வரும். வினைலீன் கார்பனேட் சேர்த்த எலக்ட்ரோலைட்டில் அந்தச் சேர்க்கைப் பொருளே ஆனோடில் உடைந்து கார்பன் டை ஆக்சைடு தரும்; பழி கேத்தோடின் மேல் விழும். இன்னொரு பக்கம், கேத்தோடு விட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைச் சார்ஜ் ஏறிய கிராஃபைட் விழுங்கிவிடும். ஆக, முழுச் செல்லில் அளந்த எண் கேத்தோடு விட்ட வாயுவின் எண் அல்ல. இதை மறந்தவர்கள் இரண்டு பவுடரை ஒப்பிட்டு மோசமானதற்கு நற்சான்று கொடுத்துவிடுவார்கள்.

கேத்தோடு பக்கத்து வாயுவுக்கே இரண்டு ஊற்று உண்டு. ஒன்று தோலில் படிந்த லித்தியம் கார்பனேட்டும் அதன் கூட்டாளிகளும். மற்றது படிகத்தின் உள்ளிருந்து கழலும் ஆக்சிஜன். முன்னதைச் சேமிப்பிலும் பதப்படுத்துவதிலும் தடுக்கலாம். பின்னதை மேல் வோல்டேஜாலும் பூச்சாலும்தான் கட்டுப்படுத்த முடியும். மருந்து வேறு என்பதால்தான் நோயைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

தோலில் படிவது எப்படி

811-இன் மூலப்பொருளான நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் ஹைட்ராக்சைடை லித்தியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். சூட்டில் லித்தியம் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் தேவைக்கு மேல் சில சதவீதம் கூட்டிப் போடுவது வழக்கம். படிகத்தில் நுழையாத மிச்சம் மேற்பரப்பில் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் தங்கும். பிறகு நடப்பது சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்குத் தெரிந்த கதை. சுட்ட சுண்ணாம்பு ஈரம் குடித்து நீறும். நீறியது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கார்பனேட் ஆகும். லித்தியம் ஹைட்ராக்சைடும் அதே வழியில் லித்தியம் கார்பனேட்டாகிறது.

மிச்ச லித்தியமே இல்லாத பவுடரும் தப்பாது. ஈரம் பட்டால் படிகத்தின் மேலடுக்கு லித்தியத்தை வெளியே விட்டு, அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொள்ளும். வெளியே வந்த லித்தியம் கார்பனேட்டாகும். லித்தியம் போன மேலடுக்கு நிக்கல் ஆக்சைடு போன்ற, உப்புக்கல் அமைப்புக்கு மாறும். அதற்குள் லித்தியம் எளிதில் நுழையாது. நிக்கல் பங்கு கூடக் கூட இந்த வேகமும் கூடும். மூன்று உலோகமும் சமமான 111 வகையைத் திறந்த மேசையில் வைத்துப் பழகியவர்கள் 811-ஐயும் அப்படிக் கையாண்டால் கேடுதான். நெடுநாள் காற்றுபட்ட 811-இல் நிக்கலின் காரக் கார்பனேட்டும் உருவாகும். அது தண்ணீரில் கரையாது. இந்த விவரம் டைட்ரேஷன் (அமிலம் சொட்டி அளக்கும்) பகுதியில் வேண்டியிருக்கும்.

சார்ஜ் ஏற்றும்போது கேத்தோடு 4 வோல்ட்டை ஒட்டியும் அதற்கு மேலும் போகையில் லித்தியம் கார்பனேட் உடையும். ஒரு மோலுக்கு ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு. கூடவே அரை மோல் ஆக்சிஜனும் வர வேண்டும். ஆனால் கருவியில் அது அநேகமாகத் தெரிவதில்லை. அது வினைவேகம் மிகுந்த ஒற்றைநிலை ஆக்சிஜனாகப் பிறந்து, பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலைட்டையோ கரியையோ தாக்கிவிடுகிறது. முதல் சார்ஜின் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்பதை ரென்ஃப்ரூ, மெக்லாஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-இல் ஆக்சிஜன் 18 ஐசோடோப்பை அடையாளமாக வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். பெரும்பகுதி மிச்சக் கார்பனேட்டிலிருந்து வந்தது.

வோல்டேஜ் இல்லாமலும் வாயு வரும். எலக்ட்ரோலைட்டின் உப்பான லித்தியம் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட், துளி ஈரம் கிடைத்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு தரும். அந்த அமிலம் கார்பனேட்டைத் தின்றால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் பிறக்கும். பிறந்த தண்ணீர் மறுபடி உப்பை உடைக்கும். வட்டிக்கு வட்டி ஏறும் கணக்கு இது. சார்ஜரில் மாட்டும் முன்பே செல் உப்பினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எவ்வளவு வாயு: ஒரு கைக்கணக்கு

10 ஆம்பியர்-மணி பவுச் செல். கேத்தோடு கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர்-மணி தந்தால் சுமார் 53 கிராம் பவுடர் உள்ளே இருக்கும். அதில் லித்தியம் கார்பனேட் 0.2 சதவீதம் என்றால் 106 மில்லிகிராம். மூலக்கூறு எடை 73.89, ஆக 1.43 மில்லிமோல். முழுதும் உடைந்தால் 25 டிகிரியில், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 35 மி.லி. கார்பன் டை ஆக்சைடு. செல்லின் மொத்தக் கனஅளவே ஏறக்குறைய 80 மி.லி.தான். முழுதும் உடையாது, கொஞ்சம் கிராஃபைட்டில் போகும் என்று கழித்தாலும், 0.2 சதவீதம் என்பது அற்பமல்ல என்று புரியும்.

இந்த 35 மி.லி. சென்னைக் கணக்கு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல். அதே வாயு அங்கே 39 மி.லி. இடம் பிடிக்கும். சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் 37 மி.லி. மலைமேல் அளந்த எண்ணையும் கடற்கரையில் அளந்த எண்ணையும் அப்படியே ஒப்பிட்டு, பவுடர் லாட் மாறிவிட்டது என்று சண்டை போட வேண்டாம். எப்போதும் மில்லிமோலாக மாற்றி எழுதுங்கள்.

படி 1: பவுடரைக் காப்பது

25 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் உள்ள அறைக் காற்றில், ஒரு கனமீட்டருக்கு 16 கிராம் நீராவி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு மேலும் போகும். பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரியில் நிற்கும் டிரை ரூமில் (ஈரம் நீக்கிய அறையில்) அதே கனமீட்டருக்கு 0.1 கிராம் அளவே. ஆனால் டிரை ரூம் ஈரத்தைத்தான் எடுக்கிறது, கரியமில வாயுவை அல்ல. அது வெளியில் உள்ள அளவிலேயே உள்ளேயும் இருக்கும். ஈரம் இல்லாமல் கார்பனேட் மெதுவாகவே உருவாகும் என்பதால் ஒரு ஷிப்டுக்குத் தாங்கும். டிரை ரூமில்தானே இருக்கிறது என்று பவுடரை வாரக்கணக்கில் திறந்து வைக்கக் கூடாது.

அலுமினியம் லேமினேட் பையில், ஆர்கான் அல்லது உலர் நைட்ரஜன் நிரப்பி, ஹீட் சீல் போட்டு வையுங்கள். பெரிய பை வந்தால் முதல் நாளே கிளவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய, மந்தவாயு நிரப்பிய பெட்டியில்) 200, 500 கிராம் பொட்டலங்களாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பெரிய பையைத் திறப்பதுதான் பவுடரைக் கெடுக்கிறது. ஏ.சி. அறையில் குளிர்ந்த பையை வெளியே எடுத்த உடனே திறந்தால் பனி படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவும். பொட்டலத்தின் மேல் திறந்த தேதி, மூடிய நேரம், அன்றைய பனிநிலை மூன்றையும் எழுதுங்கள். டிரை ரூமுக்குள் ஆள் கூடினால் மூச்சும் வியர்வையும் சேர்ந்து பனிநிலை ஏறும். காலை ஷிப்டு மாறும் நேரத்தில் திறந்த பொட்டலமும் மதியம் திறந்ததும் ஒன்றல்ல.

நிக்கல் கலந்த இந்தப் பவுடர் புற்றுநோய் ஆபத்துள்ளது. துணி மாஸ்க் போதாது. துகள் வடிக்கும் ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

படி 2: மிச்ச லித்தியத்தை அளப்பது

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பியூரெட், பி.எச். மீட்டர், நல்ல தண்ணீர் போதும். தண்ணீர்தான் இங்கே முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் ஃபுளூரைடு பிரச்சினை எல்லோரும் அறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட்டும் ஏராளம். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அதை வைத்து டைட்ரேஷன் செய்தால் பவுடரில் இல்லாத கார்பனேட்டைக் கண்டுபிடிப்பீர்கள். அயனி நீக்கிய நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, நைட்ரஜனில் ஆற வைத்துப் பயன்படுத்தவும். பவுடர் போடாமல் அதே நீரில் ஒரு வெற்றுச் சோதனை செய்து கழிக்கவும்.

மீட்டரை 4, 7, 10 பஃபர்களில் சரிபாருங்கள். 5.000 கிராம் பவுடரை மூடியுள்ள குடுவையில் 50 மி.லி. நீரில் போட்டு, சரியாக 5 நிமிடம் கலக்குங்கள். உடனே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 25 மி.லி. எடுங்கள், அது 2.5 கிராம் பவுடருக்குச் சமம். 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். பி.எச். 8.3-ஐ ஒட்டி முதல் திருப்பம், 4.5-ஐ ஒட்டி இரண்டாவது. மீட்டர் இல்லாவிட்டால் முதலாவதுக்கு ஃபினால்ஃப்தலீன், இரண்டாவதுக்கு மெத்தில் ஆரஞ்சு.

முதல் திருப்பம் வரை 4.2 மி.லி., தொடக்கத்திலிருந்து இரண்டாவது வரை மொத்தம் 6.6 மி.லி. என்று வையுங்கள். கார்பனேட்டுக்கு உரியது 6.6 − 4.2 = 2.4 மி.லி. அதை 0.05-ஆல் பெருக்கினால் 0.12 மில்லிமோல், 73.89-ஆல் பெருக்கினால் 8.87 மில்லிகிராம், 2.5 கிராமுக்கு 0.355 சதவீதம். ஹைட்ராக்சைடுக்கு உரியது 4.2 − 2.4 = 1.8 மி.லி.; அதாவது 0.09 மில்லிமோல், 23.95-ஆல் பெருக்க 2.16 மில்லிகிராம், 0.086 சதவீதம். கார்பனேட் இவ்வளவு மேலோங்கி நின்றால் பவுடர் காற்றுபட்டிருக்கிறது என்று பொருள். புதிதாக உலையிலிருந்து வந்ததில் ஹைட்ராக்சைடின் பங்கு அதிகமாகத் தெரியும்.

இதில் தவறுவது பெரும்பாலும் நேரத்தில். தண்ணீர் தோலைக் கழுவுவதோடு நிற்பதில்லை. படிகத்திலிருந்தும் லித்தியத்தை உருவும். 5 நிமிடம் கலக்கியவரும் 30 நிமிடம் கலக்கியவரும் ஒரே பவுடருக்கு வேறு வேறு ஹைட்ராக்சைடு எண் சொல்வார்கள். இருவருமே சரியாகத்தான் செய்திருப்பார்கள். நேரம், நீர் விகிதம், சூடு மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். வடித்த நீரைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனால் ஹைட்ராக்சைடு குறைந்து கார்பனேட் கூடும்.

முன்னே சொன்ன நிக்கல் கார்பனேட் நீரில் கரையாததால் இந்த முறைக்குச் சிக்காது. பழைய பவுடரில் டைட்ரேஷன் குறைவாகக் காட்டியும் வாயு அதிகம் வந்தால், மூடிய குடுவையில் பவுடரின் மேல் நீர்த்த கந்தக அமிலம் விட்டு, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை வாயுப் பகுப்பானில் அளந்து பாருங்கள். எல்லாக் கார்பனேட்டும் அகப்படும்.

படி 3: கழுவலாமா, பூசலாமா

கழுவினால் மிச்ச லித்தியம் குறையும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 811-ஐ நிதானமாகக் கழுவினால் படிகமும் கரையும். செய்வதானால் பவுடரும் நீரும் எடைக்கு எடை, அல்லது நீர் இருமடங்கு; குளிர்ந்த நீர்; 5 முதல் 10 நிமிடம்; உடனே வெற்றிட வடிகட்டல்; வெற்றிட அடுப்பில் உலர்த்தி, பிறகு ஆக்சிஜன் ஓட்டத்தில் மறுசூடு. மறுசூட்டைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். கழுவும்போது மேலடுக்கில் நுழைந்த ஹைட்ரஜன், பின்னால் சூட்டில் நீராக வெளியேறி, உப்புக்கல் அடுக்கை விட்டுச் செல்லும். முதல் சார்ஜில் கார்பன் டை ஆக்சைடு அழகாகக் குறைந்திருக்கும். ஐம்பதாவது சுழற்சியில் மின்தடை ஏறியிருக்கும். கழுவிய பவுடர் காற்றிடம் முன்னைவிட எளிதில் சிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிச்சத்தை வீணாக்காமல் பூச்சாக மாற்றுவது நமக்கு உவப்பான வழி. போரிக் அமிலத்தைப் பவுடர் எடையில் 0.2 முதல் 0.5 சதவீதம் உலர் கலவையாகச் சேர்த்து, ஆக்சிஜனில் 300 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் சூடாக்கினால், தோலிலுள்ள லித்தியம் சேர்மங்கள் லித்தியம் போரேட்டாகும். கார்பன் டை ஆக்சைடு செல்லுக்குள் வராமல் உலையிலேயே போய்விடும். பாஸ்பேட் சேர்த்தால் லித்தியம் பாஸ்பேட், டங்ஸ்டன் ஆக்சைடு சேர்த்தால் லித்தியம் டங்ஸ்டேட் என்று இதே தர்க்கத்தில் வேறு பூச்சுகளும் உண்டு. அளவு கூடினால் பூச்சு தடித்து லித்தியத்தின் வழியை அடைக்கும். முதல் டிஸ்சார்ஜ் கொள்ளளவு குறைவதில் இது தெரிந்துவிடும். கலவை சீராக இல்லாவிட்டால் ஒரு துகள் தடிப்பாகவும் பக்கத்துத் துகள் வெறுமையாகவும் இருக்கும். சராசரி சதவீதம் அதைச் சொல்லாது.

படி 4: ஸ்லரி முதல் செல் வரை

ஹைட்ராக்சைடு மிகுந்த பவுடர் ஸ்லரியிலேயே (தகட்டில் பூசக் கலக்கும் குழம்பிலேயே) காட்டிக்கொடுத்துவிடும். பவுடரை ஒட்டவைக்கும் பி.வி.டி.எஃப். காரத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடை இழந்து குறுக்கே பிணைந்துகொள்ளும். ஸ்லரி பழுப்பேறி, மணிக்கணக்கில் கெட்டியாகி, கடைசியில் கூழாக உறையும். கரைப்பானான என்.எம்.பி. ஊற்றி இளக்கப் பார்ப்பவர்கள் உண்டு, உறைந்தது இளகாது. பவுடரை நீரில் கலக்கிப் பார்த்த பி.எச். 12-ஐ நெருங்கினால், சிறிய அளவில் கலந்து இரவு முழுதும் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய கலவை போடுங்கள். என்.எம்.பி. காற்றின் ஈரத்தை இழுக்கும்; அது கருவுக்குக் கேடு செய்யும் கரைப்பானும்கூட. மூடி வைத்து, காற்றுப்போக்கில் வேலை செய்யவும்.

எலக்ட்ரோடை வெற்றிடத்தில் 110 முதல் 120 டிகிரியில் குறைந்தது 12 மணி நேரம் உலர்த்தினால் ஈரம் போகும். கார்பனேட் போகாது. அதன் உருகுநிலையே 723 டிகிரி. வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்தியும் வாயு வருகிறது என்று புலம்புவதற்குப் பதில் இதுதான்.

பூசிய எலக்ட்ரோடைக் கேலண்டர் உருளைகளில் அழுத்தும்போது கன செ.மீ.க்கு 3.5 கிராமைத் தாண்டிப் போனால் திரள்துகள்கள் (சிறு படிகங்கள் திரண்ட துகள்கள்) பிளக்கத் தொடங்கும். பிளந்த முகம் ஒவ்வொன்றும் புதிய மேற்பரப்பு. அதில் பூச்சு கிடையாது. பவுடராக அளந்த பரப்பளவுக்கும் செல்லுக்குள் எலக்ட்ரோலைட் தொடும் பரப்பளவுக்கும் இடைவெளி இங்கே தொடங்கி, ஒவ்வொரு சார்ஜிலும் வளர்கிறது. ஒற்றைப் படிகத் துகள்களை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 5: வாயுவின் கனஅளவு

பவுச் செல்லைக் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறை எடை பாருங்கள். வித்தியாசத்தை நீரின் அடர்த்தியால் வகுத்தால் கனஅளவு. ஃபார்மேஷனுக்கு (செல்லைப் பழக்கும் முதல் சார்ஜுக்கு) முன்னும் பின்னும் அளந்து கழித்தால் வாயு. 0.01 கிராம் காட்டும், அடிக்கொக்கி உள்ள தராசு போதும்.

தவறுகள் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் சேர்ந்துகொள்ளும். பவுச்சின் ஓரத்தில் ஒட்டிய காற்றுக் குமிழியை மெல்லத் தட்டி விடுங்கள். 10 செ.மீ. ஆழம் கூடினால் உள்ளே இருக்கும் வாயு ஒரு சதவீதம் சுருங்கும். எனவே எப்போதும் ஒரே ஆழம். 3 டிகிரி சூடு மாறினால் மேலும் ஒரு சதவீதம். காலையில் அளந்த செல்லை உச்சிவெயிலில் மறுபடி அளந்து வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். அன்றைய காற்றழுத்தத்தையும் நீர்ச் சூட்டையும் பக்கத்திலேயே குறித்து, மில்லிமோலாக்குங்கள். டேப் முனைகளை (வெளியே நீளும் மின் இணைப்புத் தகடுகளை) நீரில் நனையாமல் மறைக்கவும். சார்ஜ் ஏறிய செல்லின் இரு முனையும் நனைந்தால் அங்கேயே நீர் மின்பகுப்பாகிக் குமிழி விடும்.

படி 6: எந்த வாயு

பவுச்சின் வாயுப்பையில் (வாயு சேர விட்ட கூடுதல் பகுதியில்) ஊசி குத்தும் ரப்பர் அடைப்பான செப்டம் ஒட்டி, ஊசியால் உறிஞ்சி கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்க்கலாம். முதலில் நைட்ரஜனைத் தேடுங்கள். நைட்ரஜன் கணிசமாக இருந்து, ஆக்சிஜனும் அதற்குக் கால்பங்கு அளவில் இருந்தால், அது காற்று. ஊசியோ சீலோ கசிகிறது. முழுச் செல்லில் கேத்தோடு விட்ட ஆக்சிஜன் அப்படியே தங்கியிருப்பது அரிது, வழியிலேயே வினைபுரிந்துவிடும். உப்பிய செல்லைக் கத்தியால் குத்த வேண்டாம். உள்ளே எரியும் வாயுவும் கார்பன் மோனாக்சைடும் இருக்கலாம்; எலக்ட்ரோலைட்டில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும். டிஸ்சார்ஜ் செய்து, புகைக்கூண்டுக்குள் வேலை செய்யுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேத்தோடை மட்டும் தனியே பார்க்க, சார்ஜ் ஏறும்போதே வாயுவை நிறைநிறமாலைமானிக்கு அனுப்பும் முறைதான் சிறந்தது. எதிர்முனையில் கிராஃபைட்டோ லித்தியம் தகடோ வைத்தால் அவற்றின் வாயுவும் கலந்துவிடும். லித்தியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே நீக்கிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை, கேத்தோடைவிடக் கூடுதல் கொள்ளளவில் வையுங்கள். அது 3.45 வோல்ட்டிலேயே நிற்கும். அங்கே எலக்ட்ரோலைட் உடையாது, கார்பன் டை ஆக்சைடும் விழுங்கப்படாது.

நிறை எண் 44 கார்பன் டை ஆக்சைடு, 32 ஆக்சிஜன், 2 ஹைட்ரஜன். 28 மட்டும் தொல்லை: கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், நைட்ரஜன் மூன்றும் அங்கே குவியும், கார்பன் டை ஆக்சைடின் உடைந்த துண்டும் அங்கேயே விழும். எத்திலீனை 26-ஐ வைத்துக் கழியுங்கள். ஒவ்வொரு வாயுவும் தெரிந்த பிபிஎம் அளவில் ஆர்கானில் கலந்த காலிப்ரேஷன் சிலிண்டர் இல்லாமல் எடுத்த எண், வடிவத்தைக் காட்டும், அளவைக் காட்டாது.

படி 7: வோல்டேஜைப் பார்த்துப் பிரித்தறிவது

நிரப்பிய பின், சார்ஜுக்கு முன், ஊறும் நேரத்திலேயே கார்பன் டை ஆக்சைடு: அமிலம் கார்பனேட்டைத் தின்கிறது. எலக்ட்ரோலைட்டின் ஈரத்தை கார்ல் ஃபிஷர் ஈர அளவியில் பாருங்கள். 20 பிபிஎம்முக்குக் கீழ் இருக்க வேண்டும்.

முழுச் செல் 3.5 வோல்ட்டை எட்டும் முன்னரே எத்திலீன் வந்து, மெல்ல அடங்கினால் அது ஆனோடின் வழக்கமான வேலை. விட்டுவிடுங்கள்.

4 வோல்ட்டுக்கு மேல் முதல் சார்ஜில் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, இரண்டாவது சார்ஜில் பெரிதும் குறைந்தால் மிச்சக் கார்பனேட். இருப்பு தீர்ந்தது, வாயு நின்றது.

ஒவ்வொரு சார்ஜின் உச்சியிலும் ஆக்சிஜன் கூர்மையாக எழுந்து, அதோடு கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் ஒட்டி வந்தால், அது படிகத்தின் ஆக்சிஜன். மியூனிக்கில் காஸ்டைகர் குழுவினர் 2017-இல் வெளியிட்ட அளவீட்டில், லித்தியம் உலோகத்தின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு 811-க்கு 4.3 வோல்ட்டை ஒட்டியும், 622-க்கும் (நிக்கல் ஆறு, மற்றவை இரண்டிரண்டு) 111-க்கும் 4.7 வோல்ட்டை ஒட்டியும் ஆக்சிஜன் தொடங்கியது. மூன்றிலும் பொதுவாக இருந்தது, லித்தியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் வெளியேறிய நிலை. வோல்டேஜைவிட அந்த 80 சதவீதத்தை நினைவில் வைப்பது நல்லது. கிராஃபைட் எதிரே இருக்கும் முழுச் செல்லில் 4.2 வோல்ட் என்பது லித்தியத்தை ஒப்பிட்டு ஏறக்குறைய 4.3. விளிம்பில்தான் நிற்கிறோம். சூடு ஏறினால் அந்த விளிம்பும் கீழிறங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பேட்டரிக்கு இது ஏட்டுக் கணக்கல்ல.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் இந்தக் கடைசிக் கவலை இல்லை. பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை விடாது. அதில் உப்பல் என்றால் ஈரத்தைத் தேடுங்கள்.

ஃபார்மேஷனும் வாயு நீக்கமும்

எலக்ட்ரோலைட் நிரப்பி 12 முதல் 24 மணி நேரம் ஊறவிட்டு, முதல் சார்ஜை இருபது மணி நேர வேகத்தில், பிறகு பத்து மணி நேர வேகத்தில் ஏற்றுவது வழக்கம். நேரம் மிச்சம் பிடிக்க 3.7 வோல்ட்டில் நிறுத்தி வாயுப்பையை வெட்டிச் சீல் வைப்பவர்கள் உண்டு. எத்திலீன் போய்விடும், செல் தட்டையாக, பார்க்க நன்றாக இருக்கும். கார்பனேட் உடையும் வோல்டேஜை செல் இன்னும் பார்க்கவே இல்லை. வாடிக்கையாளர் கையில் முதல் முழு சார்ஜில் அது உப்பும். மேல் வோல்டேஜ் வரை ஒருமுறையாவது போய், 40 முதல் 45 டிகிரியில் ஒரு நாள் வைத்து, பிறகு வெற்றிடத்தில் வெட்டி மூடுங்கள்.

உருளைச் செல்லுக்கு இந்தச் சலுகை இல்லை. மூடி நெரித்த பிறகு ஃபார்மேஷன் நடந்தால் வந்த வாயுவெல்லாம் உள்ளேயே. அழுத்தம் வரம்பு தாண்டினால் மூடியிலுள்ள மின்துண்டிப்பான் ஒருமுறை திறக்கும், திரும்ப மூடாது, செல் செத்தது. ஓவர்சார்ஜில் இந்தத் துண்டிப்பான் சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று லித்தியம் கார்பனேட்டை அளந்து கேத்தோடில் சேர்த்த செல் வடிவமைப்புகளும் இருக்கின்றன. அளந்து போட்டவருக்கு அது காவல். தெரியாமல் உள்ளே வந்தால் அதே கார்பனேட் சாதாரண சார்ஜிலேயே துண்டிப்பானைத் தட்டிவிடும். எனவே உருளைச் செல்லுக்குப் போகும் லாட்டில் டைட்ரேஷன் எண்ணைப் பார்க்காமல் பவுடரைக் கலவைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.